குழாய் டெஸ்ட் எடுத்தால் குழந்தை நிற்குமா?

"எங்க எதிர் வீட்டுப் பொண்ணுக்கு ட்யூப் டெஸ்ட் எடுத்த அடுத்த மாசமே நாள் தள்ளிப் போயிடுச்சாம் டாக்டர். அதான் நானும் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமேன்னு..."

என் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி ஆறு வருஷம். கையில் பழுப்பு நிறக் கவர், அதற்குள் இன்னொரு கவர். இரண்டிலும் எக்ஸ்ரே படங்கள். ஏற்கெனவே இரண்டு ஊர்களில் இரண்டு முறை அதே டெஸ்ட்டை எடுத்து முடித்துவிட்டு, மூன்றாவது முறைக்கு வந்திருந்தார். "முதல் ரெண்டு தடவை நிக்கலை. மூணாவது தடவை கட்டாயம் நிக்கும்னு எங்க அத்தை சொல்றாங்க" என்றார். கோயிலுக்கு மூன்று வாரம் தொடர்ந்து விளக்குப் போடுவது போன்ற கணக்கு!

நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். "சாயத்தை உள்ளே விட்டாங்க, அடைப்பு விலகிடுச்சு, உடனே உண்டாயிட்டா" என்று பஸ்ஸிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேசிக்கொள்கிறார்கள். இதைக் கேட்டு டாக்டர்கள் பல காலம் சிரித்தோம். 'டெஸ்ட் என்பது பார்ப்பதற்கு, சரி செய்வதற்கு அல்ல' என்று விளக்கம் சொல்லி அனுப்பினோம். ஆனால் அந்தப் பந்திப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று 2017-ல் ஓர் ஆராய்ச்சி சொல்லிவிட்டது. எவ்வளவு உண்மை, யாருக்கு உண்மை என்பதுதான் விஷயம்.

முதலில் டெஸ்ட் என்ன என்று பார்த்துவிடுவோம்.

கருப்பையின் மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் பக்கத்துக்கு ஒன்றாகக் கருக்குழாய்கள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் 10 அல்லது 12 சென்டிமீட்டர் நீளம். கருப்பையோடு சேரும் இடத்தில் உள்துவாரம் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. தலைமுடி கொஞ்சம் தடிமனாக இருந்தால் எப்படி, அவ்வளவுதான். மறுமுனையோ பூ விரிந்த மாதிரி இருக்கும். சினைப்பை வெளியிடும் முட்டையை வாரி எடுப்பது அந்த முனை. முட்டையும் விந்தணுவும் சந்திப்பது இந்தக் குழாய்க்குள்தான், கருப்பையில் அல்ல. கரு உருவாகி மூன்று நான்கு நாள் நடந்து வந்த பிறகுதான் கருப்பையை எட்டுகிறது. ஆகவே குழாய் அடைத்துக்கொண்டால் எல்லாமே நின்றுபோகும். 1978-ல் இங்கிலாந்தில் பிறந்த முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை லூயிஸ் பிரௌனின் தாயாருக்கு இருந்த பிரச்னையும் குழாய் அடைப்புதான்.

இந்தக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க, கருப்பை வாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, அயோடின் கலந்த மருந்தை விட்டு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இதுதான் ஹெச்.எஸ்.ஜி. நம் பெண்கள் சூட்டிய பெயர் ட்யூப் டெஸ்ட், அல்லது சாயம் விடுற டெஸ்ட். படத்தில் கருப்பை வெள்ளை முக்கோணமாகத் தெரியும். அதன் இரு மூலைகளிலிருந்தும் நூல் போல இரண்டு கோடுகள். கோட்டின் நுனியில் புகை பரவியது போல மருந்து வயிற்றுக்குள் வழிந்திருந்தால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் 'ஃப்ரீ ஸ்பில்' என்று எழுதுவது இந்த வழிதலைத்தான்.

கசகசா எண்ணெயின் கதை

இந்த டெஸ்ட்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1914-ஐ ஒட்டி அமெரிக்காவில் கேரி, ரூபின் என்ற இரண்டு டாக்டர்கள் வெள்ளி கலந்த கரைசலை உள்ளே விட்டுப் படம் எடுத்தார்கள். அது உள்ளே புண்ணாக்கியது. ரூபின் அதை விட்டுவிட்டு வேறு வழி தேடினார். சாயத்துக்குப் பதில் வாயுவைச் செலுத்தும் முறையை 1920-ல் வெளியிட்டார். குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் போய், பெண் எழுந்து உட்கார்ந்ததும் உதரவிதானத்தின் அடியில் சேரும். உடனே தோள்பட்டை வலிக்கும். தோள் வலித்தால் சந்தோஷப்பட வேண்டும்! எங்களுக்கு முந்தின தலைமுறை டாக்டர்கள் இந்த ரூபின் டெஸ்ட்டைச் செய்தே காலம் தள்ளினார்கள்.

இதற்கிடையே பிரான்ஸில் இன்னொரு விஷயம் நடந்திருந்தது. 1901-ல் மார்செல் கெர்பே என்ற பாரிஸ் மருந்தியல் நிபுணர் கசகசா எண்ணெயோடு அயோடினைச் சேர்த்து லிப்பியோடால் என்ற மருந்தைத் தயாரித்தார். ஆமாம், நாம் குருமாவுக்கு அரைத்து விடுகிறோமே, அதே கசகசாதான். எக்ஸ்ரேயில் அந்த எண்ணெய் பளிச்சென்று தெரிகிறது என்பது 1920-களில் தெரியவந்ததும் கருக்குழாய் டெஸ்ட்டுக்கும் அதை எடுத்துக்கொண்டார்கள். டெஸ்ட் எடுத்த பெண்களில் சிலர் சில மாதங்களிலேயே கர்ப்பமாகிறார்கள் என்று அப்போதிருந்தே பேச்சு கிளம்பிவிட்டது.

பிறகு தண்ணீரில் கரையும் மருந்துகள் வந்தன. படம் தெளிவு, உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் வெளியேறிவிடும், ரத்தக்குழாயில் புகுந்தாலும் எண்ணெய் அளவுக்கு ஆபத்து இல்லை. பல நாடுகள் அதற்கு மாறின. நம் ஊர் எக்ஸ்ரே நிலையங்களிலும் பெரும்பாலும் அதுதான். எண்ணெய் ஓரங்கட்டப்பட்டது. பழைய பேச்சும் 'பாட்டி கதை' வரிசையில் சேர்ந்தது.

நெதர்லாந்து டாக்டர்கள் அதை விடவில்லை. 27 ஆஸ்பத்திரிகளில், குழந்தைக்காகக் காத்திருந்த 1,119 பெண்களைச் சேர்த்தார்கள். குலுக்கல் போட்ட மாதிரி, பாதிப் பேருக்கு எண்ணெய் மருந்தில் டெஸ்ட், மீதிப் பேருக்குத் தண்ணீர் மருந்தில் டெஸ்ட். 6 மாதம் கவனித்தார்கள். எண்ணெய் டெஸ்ட் எடுத்தவர்களில் நூற்றுக்கு 39.7 பேர் கர்ப்பமானார்கள். தண்ணீர் டெஸ்ட் எடுத்தவர்களில் 29.1 பேர். உயிரோடு குழந்தை பிறந்த கணக்கிலும் இதே வித்தியாசம்: 38.8-க்கு 28.1. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' 2017-ல் இதை வெளியிட்டது.

ஆராய்ச்சிக் குழுவில் ஒருவரான டாக்டர் பென் மோலின் கதை இதைவிட ருசி. அவருடைய தாயாருக்கும் பல வருஷம் குழந்தை இல்லை. 1960-களில் எண்ணெய் மருந்தில் இதே டெஸ்ட் எடுத்தார். 1965-ல் பென் மோல் பிறந்தார். அப்புறம் ஒரு தம்பி வேறு!

எண்ணெய் ஏன் உதவுகிறது? குழாயில் தேங்கிய சளி போன்ற கசடுகளைக் கழுவித் தள்ளுகிறது என்பது ஒரு விளக்கம். கருப்பையின் உட்சுவரில் கரு ஒட்டுவதற்குத் தோதான மாற்றம் செய்கிறது என்பது இன்னொரு விளக்கம். இரண்டுமே இருக்கலாம்.

சரி, இதைப் படித்துவிட்டு நாளைக்கே எண்ணெய் டெஸ்ட் எங்கே எடுப்பார்கள் என்று விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டவர்கள் 39 வயதுக்கு உட்பட்டவர்கள், குழாய் கெட்டிருக்கும் என்று சந்தேகிக்கக் காரணம் இல்லாதவர்கள், கணவரிடம் பெரிய குறை இல்லாதவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பலன் எல்லாருக்கும் கிடைக்கும் என்று எழுதி வைக்கவில்லை. டெஸ்ட்டே எடுக்காத பெண்கள் அந்த ஒப்பீட்டில் இல்லை. எனவே தண்ணீர் டெஸ்ட்டுக்குப் பிறகு கர்ப்பமான 29 பேரும் டெஸ்ட்டால்தான் ஆனார்கள் என்றும் சொல்ல முடியாது. எதிர் வீட்டுப் பெண் அந்த 29-ல் ஒருவராக இருக்கலாம். டெஸ்ட் எடுக்காமலே அந்த மாதம் அவருக்கு நின்றிருக்கலாம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அதே பெண்களை 5 வருஷம் வரை தொடர்ந்து விசாரித்தார்கள். எண்ணெய்க் குழுவில் 80 சதவிகிதம், தண்ணீர்க் குழுவில் 75 சதவிகிதம் பேர், தானாகவோ சிகிச்சையாலோ, கர்ப்பமாகியிருந்தார்கள். இடைவெளி குறைந்துவிட்டது. எண்ணெய் செய்த முக்கிய உபகாரம் கொஞ்சம் சீக்கிரம் நிற்க வைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 'காரணம் தெரியவில்லை' என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் கர்ப்பமாகிவிட்டார்கள் என்பதுதான்.

எண்ணெயில் தொல்லையும் உண்டு. அதிலுள்ள அயோடின் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். தைராய்டு சுரப்பியைப் பாதிக்கலாம். தைராய்டு தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணெயில் எடுத்துக்கொண்டவர்கள் பின்னால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, கர்ப்பமாகிவிட்டால் அவசியம். அபூர்வமாக எண்ணெய் ரத்தக்குழாய்க்குள் புகுந்து நுரையீரல் வரை போனதும் உண்டு. அனுபவமுள்ளவர் திரையில் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லச் செலுத்த வேண்டிய மருந்து அது.

வலிக்குமா?

வலிக்கும். 'சும்மா எறும்பு கடிக்கிற மாதிரி' என்று சொல்லிப் படுக்க வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. மருந்து உள்ளே போகும் அந்த இரண்டொரு நிமிஷம் மாதவிலக்கு வலி அதிகமானது போல அடிவயிற்றைப் பிடிக்கும். சிலருக்கு லேசாக, சிலருக்கு நன்றாகவே. மொத்தமே ஐந்து பத்து நிமிஷ வேலை. ஒரு மணி நேரம் முன்னால் டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் பாதி பயம் போகும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், கணவரே வந்தால் உத்தமம்.

நாள் கணக்கு முக்கியம். மாதவிலக்கான முதல் நாளை 1 என்று எண்ணி, ரத்தப்போக்கு நின்ற பிறகு, 10-ம் நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். மாதவிலக்கு ஆரம்பித்ததிலிருந்து டெஸ்ட் முடியும் வரை தாம்பத்யம் வேண்டாம். வயிற்றில் கரு இல்லை என்ற உறுதியோடு எக்ஸ்ரே எடுப்பதற்குத்தான் இத்தனை ஜாக்கிரதை. நாள் ஒழுங்கில்லாதவர்கள் அன்றைக்கே சிறுநீர் டெஸ்ட் செய்துகொள்ளட்டும். வெள்ளைப்படுதலில் நாற்றம், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் டெஸ்ட்டைத் தள்ளிப்போட வேண்டும். உள்ளே தொற்று இருக்கும்போது மருந்தைச் செலுத்தினால் அதை மேலே தள்ளிவிட்ட மாதிரி ஆகும்.

முடிந்து வீடு வந்த பிறகு ஓரிரு நாள் பிசுபிசுவென்று மருந்தும் கொஞ்சம் ரத்தக்கசிவும் இருக்கும். நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வேலைக்குப் போகலாம், சமைக்கலாம். 'படுத்தே இரு' என்று யாராவது சொன்னால் ஒரு நாள் ஓய்வை அனுபவித்துவிட்டு எழுந்துவிடுங்கள். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, கெட்ட வாடையோடு போக்கு இருந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். குழாய் வீங்கியிருப்பவர்களுக்கு இந்தத் தொற்று வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

"எக்ஸ்ரே எடுத்த மாசமே முயற்சி பண்ணலாமா? குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?" இது எல்லாரும் கேட்பது. டெஸ்ட் எடுப்பது முட்டை வெளியாவதற்கு முன்னால், கதிர்வீச்சின் அளவும் கொஞ்சம். கசிவு நிற்க இரண்டு நாள் விட்டு, அதே மாதம் முயற்சி செய்யலாம் என்றுதான் நான் சொல்கிறேன். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. உங்களுக்குத் தனியாக ஏதாவது காரணம் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். ஒழுங்காக 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்கள் 10-ம் நாளிலிருந்து 16-ம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், கர்ப்பம் தெரிந்த பிறகு அல்ல.

டெஸ்ட் பலன் தருவதாக இருந்தால் அடுத்து வரும் சில மாதங்களில்தான் தரும். குழாய் திறந்திருந்து, மற்றதெல்லாம் சரியாக இருந்து, வயது 30-ஐ ஒட்டி இருந்தால், ஆறு மாதம் நிம்மதியாக முயன்று பாருங்கள். 35-ஐத் தாண்டியவர்கள் இதே அறிவுரையை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிடக் கூடாது.

'அடைப்பு' என்று எழுதியிருந்தால்?

இந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு அழுதபடி வருகிறவர்கள் எத்தனையோ பேர். இரண்டாம் கல்யாணப் பேச்சு வரை போன வீடுகள் எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

கருப்பையை ஒட்டிய மூலையிலேயே அடைப்பு என்று எழுதியிருந்தால் அது நிஜ அடைப்பாக இல்லாமலும் இருக்கலாம். வலியிலும் பயத்திலும் அந்த இடத்துத் தசை இறுகி மூடிக்கொள்ளும், மருந்து உள்ளே போகாது. படத்தில் அடைப்பு மாதிரியே தெரியும். இப்படி 'அடைப்பு' முத்திரை குத்தப்பட்ட கணிசமான பேருக்கு மறுபடி பார்க்கும்போதோ லேப்ராஸ்கோப்பியிலோ குழாய் திறந்தே இருக்கிறது. மறு டெஸ்ட் நியாயமாகிற இடம் இதுதான். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு என்றால் மறு பக்கக் குழாய் போதும். இடப்பக்கச் சினைப்பையின் முட்டையை வலப்பக்கக் குழாய் இழுத்துக்கொள்வதுகூட நடக்கிறது!

குழாயின் கடைசி முனை மூடி, உள்ளே நீர் கோத்து வீங்கியிருந்தால் அது வேறு கதை. ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோசால்பிங்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கருவைக் கெடுக்கும். இதைக் கவனிக்காமல் நேரே டெஸ்ட் ட்யூப் முறைக்குப் போனால் பணம் போகும், பலன் பாதியாகும். முதலில் அந்தக் குழாயை எடுத்துவிடுவார்கள், அல்லது கருப்பையோடு சேரும் இடத்தில் கிளிப் போட்டு மூடிவிடுவார்கள். 'இருக்கிற குழாயையும் எடுக்கச் சொல்றாங்களே' என்று மனசு கேட்காதுதான். ஆனால் அப்படிச் செய்த பிறகே கரு நன்றாக ஒட்டுகிறது.

நம் நாட்டில் மறக்கக் கூடாத ஒன்று காசநோய். காசநோய் என்றால் இருமல் என்றே நினைக்கிறோம். அது சத்தமில்லாமல் கருக்குழாயிலும் கருப்பையிலும் தங்கி, மாதவிலக்கைக் குறைத்து, குழாயை மணிகோத்த மாலை போல முடிச்சு முடிச்சாக்கிவிடும். வீட்டில் யாருக்காவது காசநோய் வந்திருந்தாலோ, சின்ன வயதில் உங்களுக்கே வந்திருந்தாலோ, மாதவிலக்கு இப்போது பெயருக்குத்தான் வருகிறது என்றாலோ டாக்டரிடம் மறைக்காதீர்கள். மருந்து அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குழாய் தப்பும். ஹெச்.எஸ்.ஜி. படத்தைப் பார்த்துத்தான் பல பெண்களுக்கு இந்தச் சந்தேகமே வருகிறது. கர்ப்பம் தராவிட்டாலும், அந்த ஒரு படம் நோயைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

இனி, கவரோடு வந்த பெண்ணிடம் திரும்புவோம். இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டினேன். இரண்டிலும் அழகான முக்கோணம், இரண்டு பக்கமும் தாராளமாக வழிந்திருந்தது. எந்த அடைப்பும் கிடையாது, முதல் தடவையே கிடையாது. "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"அவருக்கு எதுக்கு டாக்டர்? அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு அத்தை சொன்னாங்க."

எனக்கு வந்த கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ. விந்துப் பரிசோதனைக்கு வலி இல்லை, ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை. இரண்டிலிருந்து ஏழு நாள் வரை விலகியிருந்து ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தால் முடிந்தது. செலவும் ட்யூப் டெஸ்ட்டோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். அதை முதலில் செய்யாமல் மனைவியைப் படுக்க வைப்பது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத வரிசை. அவரை அனுப்பிய இரண்டு இடங்களிலும் இதைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதை என் தொழில்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கணவர் வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. மாமியாருக்குத் தெரியாமல் வந்தார், தலையைக் குனிந்துகொண்டு. நல்ல மனிதர்தான், பயம். ரிசல்ட்டில் உயிரணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு. ஒரு முறை பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதால் சில வாரம் கழித்து மறுபடி எடுத்தோம், அதே கதைதான். ஹார்மோன் பரிசோதனை, ஆண்களுக்கான நிபுணரைப் பார்ப்பது, ஒரே ஒரு உயிரணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை எல்லாவற்றையும் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினோம். ஆறு வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு டாக்டர் எதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் முறையாம்.

கிளம்பும்போது அந்தப் பெண் கவரைத் தூக்கிக் காட்டினார். "இதை இனிமே தூக்கிப் போட்டுடலாமா டாக்டர்?"

"வேண்டாம்மா, பத்திரமா வச்சிருங்க. மூணாவது தடவை எடுக்கணும்னு யாராவது சொன்னா எடுத்துக் காட்டணும்ல?" என்றேன். கணவர்தான் முதலில் சிரித்தார்.